அலையடிக்கு எத்தனை மதிப்பெண்?

உணவுக்கூடத்துக் கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து முதலில் கைதட்டியவர் கஸ்பார். ஆறு புள்ளி ஒன்று.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ல்லா வாங்கியிருக்கோம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் இட்லித் தட்டோடு வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற சென்னை அதிகாரி மைதிலிக்கு மட்டும் முகம் போன போக்கே சரியில்லை. பாவம், அந்தப் பெண் அன்று காலைதான் இறங்குகூண்டில் வந்து சேர்ந்திருந்தாள். அலையடியை மூட வேண்டியிருக்கும் என்று சொல்வதற்காக அனுப்பப்பட்டவள், வந்த இடத்தில் கைதட்டலைக் கேட்டால் எங்கே போய்த் தொடங்குவாள்?

அலையடி என்பது தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்குள் நாற்பத்து மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஊர். கவிழ்த்து வைத்த உருளிகளைப் போலப் பன்னிரண்டு கூடங்கள், அவற்றை இணைக்கும் நடைகுழாய்கள், சுற்றிலும் பாசி வயல்கள். மொத்தம் நூற்று எண்பத்தாறு பேர். ஊர் உண்டாகி ஒன்பது வருடமாகிறது. காற்று இயந்திரங்களை ஓட்டுபவர் கஸ்பார். சமையல் இசக்கியம்மாள். வாரம் ஒரு முறை பாசிக் காகிதத்தில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கதவில் ஒட்டப்படும் 'அலையடிச் செய்தி'க்கு ஆசிரியர், நிருபர், பிழைதிருத்துநர் எல்லாமே அமலோற்பவம். அந்த எண்ணைக் கதவில் ஒட்டியதும் அவள்தான். ஒட்டும்போது அவளும் நல்ல மதிப்பெண் என்றே நினைத்தாள்.

"மேடம், சாப்பிட்டுப் பேசுவோமா? இட்லி ஆறிரும்" என்றாள் இசக்கியம்மாள்.

"இல்லம்மா. முதல்ல நான் சொல்லிடறேன்" என்றாள் மைதிலி. "ஏழுக்குக் கீழே தொடர்ந்து மூணு தடவை வந்தா குடியிருப்பை மூடிடணும்னு இந்த வருஷம் விதி வந்திருக்கு. இது ரெண்டாவது தடவை. அதனால அடுத்த கணக்கெடுப்பை முன்கூட்டியே வெக்கிறாங்க, இன்னும் அஞ்சு வாரத்துல."

கஸ்பாரின் கை தட்டுகிற வாக்கிலேயே நின்றுவிட்டது.

"மூடணும்னா?" என்றார்.

"எல்லாரையும் பத்திரமா கரைக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நிறைவுமானி என்கிற இயந்திரம் ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கும். 'இங்கே உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் இடுங்கள்.' யார் என்ன எண் போட்டார்கள் என்பது இயந்திரத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. சுளுவான வேலைதானே என்று எல்லோரும் ஒரு நிமிடத்தில் அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த எண்ணை மேலே ஒருத்தர் இப்படி எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டார்கள்?

"நாங்க நல்லாத்தானே இருக்கோம்! எங்களப் போயி எதுக்கு மேல ஏத்துதீய?" என்று இசக்கியம்மாள் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

மைதிலி அந்தக் கரண்டியைப் பார்த்துப் பயப்படவில்லை. அது அமலோற்பவத்துக்குப் பிடித்திருந்தது. "அம்மா, இது உங்களைத் தொந்தரவு பண்ண வந்த விதி இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கடல்ல இதே மாதிரி ஒரு குடியிருப்பு இருந்தது. நல்லா இருக்கீங்களான்னு அவங்களை யாரும் கேக்கவே இல்ல. உள்ளேயே புழுங்கிப் புழுங்கி, ஒருநாள் நாலு பேர் கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போயிட்டாங்க. முக்குளிக்கிற உடுப்பு எதுவும் போடாம. அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது. பிடிக்காத இடத்துல யாரையும் அடைச்சு வைக்கக் கூடாதுன்னுதான்."

கரண்டி இறங்கியது.

"அப்ப கொறைச்சுப் போட்டது யாரு?" என்று கஸ்பார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எந்தப் பய போட்டான்? நான்லாம் சொளையா ஆறு போட்டேன்!"

"ஆறா? ஏன் ஆறு?" என்றாள் மைதிலி.

"அறுவது மார்க்குன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம். நான் படிச்ச காலத்துல முப்பத்தஞ்சு தாண்டுனாலே வீட்ல பாயாசம் வைப்பாவ. நான் ஆறு போட்டுருக்கேன், இதுக்கு மேல என்ன செய்ய?"

அதைக் கேட்டதும் அமலோற்பவம் கதவில் தான் ஒட்டிய எண்ணை மறுபடி பார்த்தாள். இருபது வருடம் அச்சகத்தில் பிழைதிருத்தியவள் அவள். எழுதினவர் ஒன்றை நினைக்க, படித்தவர் வேறொன்றை நினைக்கும் கூத்தையெல்லாம் நிறையப் பார்த்தவள். "இசக்கியக்கா, நீங்க எத்தனை போட்டிய?" என்று கேட்டாள்.

"அஞ்சு. இப்பவே பத்துப் போட்டுட்டா அடுத்த வருசம் என்னத்தப் போட?"

பாசி வயல் லூர்தையாவுக்கு அறுபது வயது. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒண்ணு போட்டேன்" என்றார். "எப்பவுமே ஒண்ணுதான் போடுதேன். ஃபர்ஸ்ட் ரேங்க்."

உணவுக்கூடமே அதிர்ந்து சிரித்தது. மைதிலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். லூர்தையா ஒருவர்தான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அமலோற்பவமும் சிரித்தாள், ஆனால் அவள் நினைப்பெல்லாம் கரையில் இருந்தது. மேலே, தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கத்தில், அவளுக்கு ஒரு வீடு உண்டு. கணவர் ராயன் போன பிறகு மூன்று வருடம் அந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். காலையில் காப்பி போட்டு, ஒரே தம்ளரில் ஊற்றி, குடிக்காமல் கீழே கொட்டிய நாள்கள் எத்தனையோ. இங்கே ஐந்து வருடமாக நூற்று எண்பத்தைந்து பேரோடு இட்லி சாப்பிடுகிறாள். மறுபடி அந்த வீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது.

"மேடம், அளவுகோலை விளக்கி எழுதலாமா? அதுக்கு விதி இடம் கொடுக்குதா?" என்று கேட்டாள்.

"கொடுக்குது. கேள்விக்குப் பக்கத்துல ஒரு விளக்கக் குறிப்பு போட்டுக்கலாம். எந்த எண்ணைப் போடணும்னு மட்டும் சொல்லக் கூடாது. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்லலாம்."

"அப்ப நான் எழுதுதேன்" என்றாள் அமலோற்பவம்.

மைதிலி கொண்டுவந்த கையேட்டில் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருந்தது. பத்து என்றால் மிகச் சிறப்பு. எட்டு என்றால் சிறப்பு. ஐந்து என்றால் திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை. அதை அப்படியே அடுத்த இதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டாள். ஏழுக்குக் கீழே போனால் ஊர் போய்விடும் என்பதையும் கீழே சேர்த்தாள். அது தெரிய வேண்டாமா?

இசக்கியம்மாள் அதைப் படித்துவிட்டு, "திருப்தியும் இல்ல, அதிருப்தியும் இல்லன்னா அது என்ன மனுசன்? அவனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடப் படிக்கவில்லை. ஊர் போய்விடும் என்ற வரியை மட்டும் படித்தார்கள்.

இரண்டாவது வாரம் மைதிலி ஓர் ஒத்திகை வைத்துப் பார்த்தாள். முடிவு பத்து. பத்து புள்ளி பூஜ்யம். நூற்று எண்பத்தாறு பேரும், லூர்தையா உட்பட, பத்துப் போட்டிருந்தார்கள். இந்த முறை கைதட்டல் காதைப் பிளந்தது. மைதிலி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் மேடம்? பத்துக்குப் பத்து!" என்றார் கஸ்பார்.

"அண்ணாச்சி, இந்தக் கேள்வி வந்த புதுசுல இன்னொரு குடியிருப்புல எடுத்த கணக்குல என்ன வந்தது தெரியுமா? பத்து. பொறுப்பாளர் பக்கத்துல நின்னு போட வெச்சிருக்கார். அதனால எல்லாரும் பத்துப் போட்டா நிறைவுமானி அதைச் சந்தோஷம்னு எடுத்துக்காது. பயம்னு எடுத்துக்கும். அன்னைக்கே மூடச் சொல்லிடும்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'இங்குள்ளவர்கள் அச்சத்தில் இருக்கிறார்கள். உடனடி உதவி தேவை' என்று இயந்திரம் எழுதியிருந்தது.

அதில் பொய்யும் இல்லை. எல்லோரும் பயந்துதான் போட்டிருந்தார்கள். குறைத்தாலும் வம்பு, கூட்டினாலும் வம்பு. உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அதை எந்த எண்ணால் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அமலோற்பவம் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பாசி அரைக்கிற சத்தத்துக்கு நடுவே அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சிறப்பு, மிகச் சிறப்பு என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிற சொற்கள். ஆனால் அலையடியில் எல்லோரும் சேர்ந்து பார்த்த நாள்கள் இருக்கின்றனவே. அவை மாறுமா? அந்த வாரச் செய்தியில் விளக்கம் எதையும் போடாமல் ஒரு வேண்டுகோளை மட்டும் போட்டாள். 'நீங்கள் இங்கே கண்ட மோசமான நாள் எது? நல்ல நாள் எது? நடுவில் ஒரு நாள் எது? எழுதிக் கொடுங்கள்.'

அதற்குப் பிறகு அவளால் நிம்மதியாகப் பல் தேய்க்கக்கூட முடியவில்லை. நடைகுழாயில் மறித்துக் காகிதம் கொடுத்தார்கள். குளியலறைக் கதவைத் தட்டிக் கொடுத்தார்கள். எழுத வராதவர்கள் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். ஒருத்தி தன் கல்யாணத்தை நல்ல நாள் என்று எழுதியிருந்தாள். அதே நாளை அவள் கணவன் நடு நாள் என்று எழுதியிருந்தான். அந்தக் காகிதத்தை அமலோற்பவம் பத்திரமாகக் கிழித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஊர் முழுக்க உணவுக்கூடத்தில் கூடியது. அமலோற்பவம் சுவரில் ஓர் ஏணி வரைந்தாள். பூஜ்யம் முதல் பத்து வரை பதினொரு படிகள்.

"ரெண்டாம் வருசம் காத்து மெசின் நின்னுச்சே, பதினோரு மணி நேரம். அதப் பூஜ்யத்துல போடு" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"அது எப்படிய்யா பூஜ்யம்?" என்று கஸ்பார் எகிறிக் குதித்தார். அவர் ஓட்டுகிற இயந்திரம் அல்லவா! "மெசின் நின்னுச்சு, சரி. எல்லாரும் இதே கூடத்துல வரிசையா உக்காந்து ஒரு சிலிண்டரை மூணு பேரு மாத்தி மாத்தி மூச்சு விட்டமே, அன்னைக்கு ஒருத்தனாவது கூட ஒரு மூச்சுத் திருடுனானா? நான் அத நாலுக்குக் கீழ விட மாட்டேன்."

"நாலா! அண்ணாச்சி, நான் அன்னைக்கு செத்தே போனேன்னு நெனச்சேன்!"

"நெனச்ச. சாவலல்லா?"

கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அது இரண்டாம் படியில் போய் நின்றது. புயலால் படகு வராமல் தேங்காய் இல்லாமல் சமைத்த நாற்பது நாள் மூன்றாம் படி. மூச்சு இருந்தது, ருசி இல்லை, அதனால் ஒரு படி மேலே என்று இசக்கியம்மாளே தீர்ப்புச் சொன்னாள். கூடத்துத் தொட்டியில் முதல் முருங்கைக்காய் காய்த்த நாள் எட்டு. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும்போது ஜன்னலுக்கு வெளியே புள்ளிச்சுறா ஒன்று வந்து, பாட்டு முடியும் வரை நகராமல் நின்ற நாள் ஒன்பது. அன்றைக்குப் பாட்டு முடியவே கூடாது என்று ஒரே பாட்டைப் பதினான்கு தடவை பாடினார்கள். அதைச் சொல்லும்போதே பின்வரிசையில் இரண்டு பேர் மறுபடி பாட ஆரம்பித்தார்கள்.

பூஜ்யத்துக்கு மட்டும் யாராலும் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. இசக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே, "அது இன்னும் வரல. பெட்டியக் கட்டிக்கிட்டு இறங்குகூண்டுல ஏறி மேல போற நாள்தான்" என்றாள். அமலோற்பவம் அதை எழுதினாள்.

"நடுவுல அஞ்சுக்கு என்ன?" என்று மைதிலி கேட்டாள். அவளும் இப்போது தரையில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தாள்.

"சாதாரண செவ்வாக்கிழம" என்றார் ஒருவர். "காத்து வருது, தண்ணி வருது, சாம்பார்ல காய் கெடக்கு, எவனும் சண்ட போடல."

அப்போதுதான் லூர்தையா எழுந்தார். "அது அஞ்சு இல்லம்மா" என்றார் மெதுவாக. "அஞ்சுல மேல உள்ள செவ்வாக்கிழமயப் போடணும். கரையில இருந்தமே, அப்ப உள்ள செவ்வாக்கிழம. பஸ்ல நின்னுக்கிட்டுப் போயி, வேல பாத்து, நின்னுக்கிட்டு வந்து, கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குனமே. பக்கத்து வீட்ல யாருன்னு தெரியாம. அத அஞ்சுன்னு வச்சுக்கிட்டாத்தான் இது எங்க நிக்குன்னு தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. முதல் ரேங்க் லூர்தையாவை அன்று ஊரே திரும்பிப் பார்த்தது. அமலோற்பவம் ஐந்தாம் படியில் கரையின் செவ்வாய்க்கிழமையை எழுதினாள். இங்குள்ள செவ்வாய்க்கிழமையை எங்கே எழுதுவது என்று அவள் கேட்டதற்கு, அதை எழுதக் கூடாது, அதைத்தான் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றாள் மைதிலி. பத்தாம் படிக்கு, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று அவரவருக்குத் தோன்றும் நாள் என்று முடிவாயிற்று. ஏணியின் அடியில், பெரிய எண்தான் நல்லது, ஒன்று என்பது முதல் ரேங்க் அல்ல, ஆறு என்பது முதல் வகுப்பும் அல்ல என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தார்கள்.

ஐந்தாவது வாரம் கணக்கெடுப்பு நாள் வந்தது. காலை எட்டு மணிக்கே வரிசை. நிறைவுமானி இருக்கும் சின்ன அறைக்குள் ஒவ்வொருவராகப் போய், சுவரில் நகலெடுத்து ஒட்டியிருந்த ஏணியைப் பார்த்து, ஓர் எண்ணை அழுத்திவிட்டு வந்தார்கள். வெளியே வரும்போது எல்லோர் முகத்திலும் பரீட்சை எழுதிய களை.

அமலோற்பவம் பதினொரு மணிக்கு உள்ளே போனாள். அவளே எழுதிய ஏணி. அவளே பிழைதிருத்தியது. எந்தப் படி என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. விரல் ஒன்பதை நோக்கிப் போனது. போகும் வழியில் நின்றுவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது கூடப் படித்த ஒருத்தி, எப்படி இருக்கே என்று கேட்டாள். "எனக்கென்னட்டி, ராணி மாதிரி இருக்கேன்" என்றாள் அமலோற்பவம், பத்துப் பேர் காதில் விழும்படி. அடுத்த சனிக்கிழமை ராயன் துறைமுக வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அவருக்கு ஆறு மாதமாகவே ரத்தக்கொதிப்பு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் சொன்னார். அமலோற்பவம் அதைக் காதில் வாங்கவே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றுதான் அன்றிலிருந்து இன்றுவரை நினைக்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. ஏதோ ஓடுது என்பாள். இங்கே கஸ்பார், லூர்தையா, இசக்கியக்கா என்று இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒன்பது என்று அழுத்தி, இவர்களில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால்?

அவள் ஆறை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். ஒருத்தி போடும் எண்ணால் ஊரா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாலை ஐந்து மணிக்கு மைதிலி முடிவோடு வந்தாள். "ஆறு புள்ளி தொண்ணூத்தொம்பது."

"என்னது?"

"ஏழு வரணும்னா எல்லா எண்ணையும் கூட்டினா ஆயிரத்து முந்நூத்திரண்டு வரணும். வந்திருக்கிறது ஆயிரத்து முந்நூத்தி ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு குறையுது."

கஸ்பார் மேசையைக் குத்தினார். "எவம்ல அது? எந்த நாசமாப் போறவன் இப்படிச் செஞ்சான்?"

"கத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள் மைதிலி. "இன்னொரு விதி இருக்கு. விளக்கக் குறிப்புப்படி எண் போடலைன்னு யாருக்காவது தோணினா, ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு தடவை மாத்தலாம். காரணம் சொல்லணும். நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். உண்மையாவே ஆறு புள்ளி தொண்ணூத்தொம்பதுதான்னா, அதுவே இருக்கட்டும்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அமலோற்பவம் தான் போட்ட ஆறை நினைத்தாள். அவளால்தான். வாயைத் திறந்து ஒரு மனிதரை விழுங்கினாள். இப்போது வாயை மூடி ஓர் ஊரை விழுங்கியிருக்கிறாள். எழுந்து நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

"என்ன தங்கச்சி சொல்லுதே?"

"ஏணிய வரைஞ்ச நானே பொய்யா போட்டேன் அண்ணாச்சி. நான்தான். மன்னிச்சுக்கிடுங்க." அறையை நோக்கி நடந்தாள்.

நிறைவுமானி எப்போதும் போல மரியாதையாகக் கேட்டது. "எண்ணை மாற்றும் காரணத்தைச் சொல்லுங்கள்."

"நல்லாருக்கேன்னு சொன்னா கண்ணு பட்டுரும்னு பயந்து குறைச்சுப் போட்டேன்" என்றாள். இயந்திரத்திடம் சொல்வது சுலபமாக இருந்தது. ராயனைப் பற்றியும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள்.

இயந்திரம் சற்று யோசித்தது. "வருந்துகிறேன். இதில் ஒரு பகுதி எனக்குப் புரியவில்லை. எண்ணை இடுங்கள்" என்றது.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதை அழுத்தினாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஊர் திட்டும் திட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கதவைத் திறந்தாள்.

வாசலில் கஸ்பார் நின்றார்.

"நவுரு தங்கச்சி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நானும் ஒண்ணு கொறைச்சுட்டேன். எட்டுன்னு வந்துச்சு மனசுல. மெசினு நல்லா ஓடுதுன்னு சொன்னா நின்னுருமோன்னு ஏழாக்கிட்டேன்."

அவருக்குப் பின்னால் இசக்கியம்மாள். அவளுக்குப் பின்னால் லூர்தையா. அவருக்குப் பின்னால் புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குறைத்துவிட்டு இப்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு. வரிசை உணவுக்கூடத்தைச் சுற்றி வளைந்து நடைகுழாய்க்குள் போயிருந்தது. மைதிலி ஓரமாக நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அமலோற்பவத்தையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தொரு பேர்.

அமலோற்பவம் சுவரில் சாய்ந்து அந்த வரிசையைப் பார்த்தாள். தன்னால்தான் ஊர் போனது என்று இவ்வளவு நேரம் சுமந்தது வீண். இதில் யாருடைய ஒன்று அந்தக் கடைசி ஒன்று என்று ஆண்டவராலும் சொல்ல முடியாது. நாற்பத்தொரு பேரும் ஒன்றையே நினைத்திருக்கிறார்கள், நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று. இப்படித் தன் ஒரு வாய்க்கு உலகத்தையே கவிழ்க்கிற பலம் இருப்பதாக ஒவ்வொருவரும் நம்பினால் உலகம் தாங்குமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சொன்னதை எட்டு வருடம் கழித்து அப்போதுதான் காதில் வாங்கினாள். ராயன் மருந்து சாப்பிடவில்லை. அந்த மனிதர் மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பார். அவ்வளவுதான் நடந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் திரையில் புதிய எண் வந்தது. ஏழு புள்ளி மூன்று ஒன்பது. அதன் கீழே நிறைவுமானி ஒரு குறிப்பையும் எழுதியிருந்தது. மைதிலி அதை உரக்கப் படித்தாள். "'இன்று நாற்பத்தொரு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் புரியவில்லை. ஆயினும் அடுத்த முறை விளக்கக் குறிப்பில் இதையும் சேர்ப்பது நல்லது: நன்றாக இருக்கிறது என்று இந்த அறையில் சொன்னால் வெளியே யாருக்கும் கேட்காது.'"

எழுந்த சத்தத்தில் ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மீன்கூட்டம் சிதறி ஓடியது. கஸ்பார் லூர்தையாவைத் தூக்கிச் சுற்றினார். மைதிலியின் தட்டில் யாரோ கேட்காமலே அதிரசம் வைத்தார்கள். அவள் அமலோற்பவத்தின் பக்கம் குனிந்து, "கேக்கக் கூடாதுதான். நீங்க எத்தனைம்மா போட்டீங்க?" என்றாள் ரகசியமாக.

அமலோற்பவம் அந்த ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "ஒம்பது!" என்று கத்தினாள்.

இரண்டு பேர் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது.

இசக்கியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "மிச்சம் ஒண்ணு எங்கட்டி?"

"இன்னைக்கு வச்ச ரசத்துக்கு" என்றாள் அமலோற்பவம். "புளி கூடிப் போச்சு."